யன்னல் கண்ணாடிக்கு நடுவில புகார்: முழுசா மாத்தத்தான் வேணுமோ?

வெம்பிளி மேல்மாடி | 9 நவம்பர் 2025, இரவு 9.40

வணக்கம் உறவுகளே. ஒரு வீட்டு விசயம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

லண்டன் வெம்பிளியில எங்கட வீடு 1930களில கட்டின செமி, பக்கத்து வீட்டோட ஒரு சுவர் ஒட்டின வீடு. 2011இல வாங்கேக்கையே யூபிவிசி டபிள் கிளேசிங், அதாவது பிளாஸ்டிக் சட்டத்தில ரெட்டைக் கண்ணாடி, போட்டுக் கிடந்தது. போன மாரிக்கு முன்னறை யன்னலில ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில, ஒரு மூலையில புகார் மாதிரி வந்தது. இப்ப பாதிக் கண்ணாடிக்கு ஏறிட்டுது. உள்ளுக்கத் துடைச்சாலும் போகேல்ல, ஏணி வைச்சு வெளியில துடைச்சாலும் போகேல்ல. மாடிப்படிப் பக்கத்துக் கண்ணாடி ஒண்டும் அப்பிடித்தான். அதோட படுக்கையறை யன்னல் சாத்தேக்க கீழ் மூலை சட்டத்தில இடிக்குது, கையால தூக்கிப் பிடிச்சுத்தான் சாத்தவேணும். இன்னொரு யன்னலின்ர கைபிடி சும்மா சுத்துது.

போன சனி ஒரு கொம்பனி ஆளைக் கூப்பிட்டன். ரெண்டரை மணித்தியாலம் சோபாவில இருந்தார். ரெண்டு தரம் தேத்தண்ணி. கடைசியில 9 யன்னலுக்கும் 11,800 பவுண் எண்டார். நான் முகத்தைச் சுளிக்க, மனேச்சருக்குப் போன் எடுத்துப்போட்டு, "இண்டைக்கு இரவே கையெழுத்து வைச்சால் 7,900" எண்டார். புகார் வந்தால் யன்னல் செத்துப்போச்சாம், இனி ஒவ்வொண்டாப் போகுமாம். மனுசி "யோசிச்சுச் சொல்லுறம்" எண்டு அனுப்பிப்போட்டா. செவ்வாய் திரும்ப வாறாராம்.

உண்மையிலேயே முழுசா மாத்தத்தான் வேணுமோ?


கண்ணாடிக்காரன் | 9 நவம்பர், இரவு 10.15

தம்பி, ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. நான் இந்த வேலையில 22 வருசம். உங்கட யன்னல் சாகேல்ல. அதுக்குள்ள இருக்கிற கண்ணாடிக் கட்டு, நாங்கள் சீல்ட் யூனிட் எண்டு சொல்லுற சாமான், அதுதான் போயிருக்கு. சட்டம் அப்பிடியே இருக்க, கண்ணாடியை மட்டும் கழட்டி மாத்தலாம்.

ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில ஓரத்தைச் சுத்தி ஒரு பட்டி ஓடுதெல்லோ, வெள்ளி நிறத்தில? அது ஸ்பேசர் பார். உள்ளுக்க வெறும் குழாய். அதுக்குள்ள கடுகு மாதிரிச் சின்னச் சின்ன மணியள் கிடக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற பைக்கற்றில இருக்கிற சாமான்ர இனம், ஈரத்தை உறிஞ்சும். பட்டிக்கு வெளிப்பக்கம் ரெண்டு அடுக்கா ஒட்டுப்பசை. வெயில் பட்டால் உள்ளுக்க இருக்கிற வாயு விரியும், இரவு குளிர சுருங்கும். அந்த இழுவையில வருசக்கணக்கா நிண்டு நிண்டு பசை எங்கயோ ஓரிடத்தில விடும். அதுக்குப் பிறகும் உடன புகார் வராது. மணியள் ஈரத்தைக் குடிச்சுக்கொண்டே இருக்கும். அதுகளுக்கு வயிறு நிரம்பின பிறகுதான் உங்கட கண்ணுக்குத் தெரியும்.

இது 10 வருசத்திலயும் வரும், 25 வருசத்திலயும் வரும். கண்ணாடியின்ர அடி தண்ணிக்குள்ள நிண்டால் வெள்ளன வரும். ஒண்டு போனபடியால் மற்றதெல்லாம் அடுத்த மாசம் போகும் எண்டது வியாபாரப் பேச்சு.

ஒரு வேலை செய்யுங்கோ. அந்தப் பட்டியை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. கன யூனிட்டுகளில செய்த வருசமும் தர எண்ணும் அச்சடிச்சிருக்கும்.


ரெடிங் மதுரைக்காரன் | 9 நவம்பர், இரவு 10.52

தலைப்பப் பாத்துட்டு யாரோ கண்ணாடிக்கு நடுவுல கம்ப்ளெயிண்ட் எழுதி வச்சிருக்காங்கன்னு உள்ள வந்தேன் :) எங்க ஊர்ல புகார்னா போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கறது. மூடுபனியத்தான் சொல்றீங்கன்னு ரெண்டாவது பத்தியிலதான் புரிஞ்சுது.

அண்ணே, இதையே நானும் கேக்கலாம்னு இருந்தேன். எங்க ஜன்னல் தினமும் காலையில குளிச்சு எந்திரிச்ச மாதிரி நிக்குது. கீழ திண்டுல தண்ணி குளமா தேங்கி, ஓரத்துல கறுப்பா பூஞ்சை. எங்க யூனிட்டும் போயிடுச்சா?


கண்ணாடிக்காரன் | 9 நவம்பர், இரவு 11.05

விரலால தொட்டுப் பாருங்கோ தம்பி. விரல் நனைஞ்சால் ஈரம் உங்கட அறைப் பக்கத்தில, கண்ணாடியில பிழையில்லை. விரலும் நனையாமல், வெளியில துடைச்சும் போகாமல் இருந்தால்தான் யூனிட் போச்சு. ஒக்டோபர், நவம்பர் விடியக்காலையில வெளிப்பக்கம் பனி பிடிச்சிருந்தால் சந்தோசப்படுங்கோ. உங்கட வீட்டுச் சூடு வெளிக்கண்ணாடிக்குப் போகேல்ல எண்டு அர்த்தம், நல்ல கண்ணாடிதான் அப்பிடி நனையும். வெயில் ஏறப் போயிடும். போன கிழமையும் ஒரு வீட்டுக்காரர் புதுக் கண்ணாடி வெளியில நனையுது எண்டு சண்டைக்கு வந்தவர்.


ஈஸ்ட்ஹாம் அக்கா | 10 நவம்பர், காலை 7.20

மதுரைத் தம்பி, விரல் நனையும். நான் பாக்காமலே சொல்லுவன். காலமை இடியப்பம் அவிக்கிறது, மத்தியானம் குக்கர் விசில், இரவு ரேடியேற்றரில உடுப்புக் காயப்போடுறது. அந்த ஆவியெல்லாம் எங்க போகும்? வீட்டில ஆகக் குளிர்ந்த இடம் கண்ணாடி, அதில போய்த் தண்ணியாகும்.

எங்கட வீட்டிலயும் இந்தக் கூத்து. யன்னல் சட்டத்தின்ர மேல்பக்கத்தில ஒரு நீட்டுத் துவாரம், மூடித் திறக்கிற மூடியோட, இருக்கெல்லோ? ட்ரிக்கிள் வென்ட் எண்டுவினம். என்ர மனுசன் குளிர் வருதெண்டு அதுக்கு மேலால பார்சல் டேப் ஒட்டிப்போட்டார். நான் ரெண்டு வருசம் பூஞ்சணத்துக்குப் பிளீச் அடிச்சுக்கொண்டிருந்தன். டேப்பைக் கிழிச்சு, சமைக்கேக்க குசினிக் கதவைச் சாத்தி ஃபானைப் போட்டு, உடுப்பைக் குளியலறையில கொழுவிக் கதவைச் சாத்தி விட்ட பிறகு பாதி குறைஞ்சிட்டுது. மிச்சப் பாதியை ஒவ்வொரு காலமையும் துடைக்கிறன், பொய் சொல்லமாட்டன்.

இதோட இன்னொரு கதையும் இருக்கு. எங்கட கொழுந்தனார் போன வருசம் உதவி செய்யிறன் எண்டு வந்து, யன்னலுக்கு வெளியில அடிச்சட்டத்தில இருந்த ஓட்டையள் எல்லாத்தையும் சிலிக்கன் வைச்சு அடைச்சுப்போட்டார், "உதுக்குள்ளாலதான் காத்து வருது" எண்டு. முதல் பெருமழைக்கே சட்டத்துக்குள்ள தண்ணி நிரம்பி உள்ளுக்க வழிஞ்சுது.


கண்ணாடிக்காரன் | 10 நவம்பர், காலை 7.48

அக்கா, உங்கட கொழுந்தனார் மாதிரி ஆக்களாலதான் எங்கட சீவியம் ஓடுது.

அது தண்ணி போற ஓட்டை. மழைத்தண்ணி கொஞ்சம் சட்டத்துக்குள்ள போகத்தான் செய்யும், யன்னலே அப்பிடித்தான் செய்திருக்கு. உள்ளுக்க போற தண்ணி அந்த ஓட்டையால வெளியேற வேணும். அடைபட்டால் தண்ணி தேங்கி கண்ணாடியின்ர அடியை நனைச்சு, நான் முதல் சொன்ன பசையை அழிக்கும். எல்லாரும் வருசத்துக்கு ஒருக்கா யன்னலைத் திறந்து, அடிச்சட்டத்தின்ர தவாளிப்பில அரைக் கோப்பை தண்ணி ஊத்துங்கோ. வெளியில ஓட்டையால ஒழுகினால் சரி. ஒழுகாட்டில் ஒரு கேபிள் டையை, வயர் கட்டுற பிளாஸ்டிக் நாடாவை, விட்டுக் குடையுங்கோ. சிலந்திக் கூடு, பாசி, சிலநேரம் குளவி கட்டின மண்ணும் வரும். கம்பி விடவேண்டாம்.


வெம்பிளி மேல்மாடி | 10 நவம்பர், மாலை 6.30

டோர்ச் அடிச்சுப் பாத்தன் அண்ணை. 2004 எண்டு கிடக்கு. 21 வருசம் உழைச்சிருக்கு, அதை நான் குறை சொல்லேலாது.

ஃபேஸ்புக்கில ஒருத்தர் கண்ணாடியில ரெண்டு சின்ன ஓட்டை துளைச்சு உள்ளுக்கக் காய வைச்சுத் தருவம், யன்னலுக்கு 50 பவுண்தான் எண்டு போட்டிருக்கிறார். அது சரிவருமோ? மற்றது, வாற செவ்வாய் அந்தாளுக்குக் கையெழுத்து வைச்சிட்டுப் பிறகு வேண்டாம் எண்டு சொல்லேலாதோ? 14 நாள் இருக்கெண்டு மனுசி சொல்லுறா.


பத்திரம் படிச்சவன் | 10 நவம்பர், இரவு 8.10

14 நாள் கதையை நம்பிக் கையெழுத்து வைக்கவேண்டாம். வீட்டுக்கு வந்து விக்கிற ஒப்பந்தத்தை 14 நாளுக்குள்ள ரத்துச் செய்யலாம் எண்டது 2013ஆம் ஆண்டுச் சட்டவிதி, உண்மைதான். ஆனா உங்கட அளவுக்கெண்டே செய்யிற சாமானுக்கு அந்த உரிமை இல்லை. யன்னல் வேற என்ன? கொம்பனி தானா ஒப்பந்தத்தில எழுதித் தந்தால் சரி, இல்லாட்டில் சிக்கல். "இண்டைக்கு இரவே" எண்டு அவசரப்படுத்துறதின்ர அர்த்தம் அதுதான்.

யன்னலை அதின்ர பிளாஸ்டிக் சட்டத்தோட முழுசா மாத்தினால் அது கட்டட விதிக்குள்ள வரும். 2002இல இருந்து, யன்னல் போடுற ஆக்களைப் பதியுற ஃபென்சா மாதிரி ஒரு அமைப்பில பதிஞ்ச ஆள் செய்து சான்றிதழ் தரவேணும், இல்லாட்டில் கவுன்சிலுக்கு அறிவிச்சு அவை வந்து பாக்கவேணும். வீடு விக்கேக்க சொலிசிற்றர் முதல் கேக்கிற கடதாசியளில இதுவும் ஒண்டு. 2022 யூனுக்குப் பிறகு இங்கிலாந்தில மாத்துற யன்னலுக்கு சூடு கடத்துற அளவு, அதாவது யூ மதிப்பு, 1.4க்கு மேல போகக்கூடாது, இல்லாட்டில் யன்னலின்ர சக்தித் தரம் பி ஆவது இருக்கவேணும். அக்கா சொன்ன அந்த ட்ரிக்கிள் வென்டும் அநேகமா வைக்கச் சொல்லுவினம். கண்ணாடி யூனிட் மட்டும் மாத்துறதுக்கு ஃபென்சா சான்றிதழ் தேவையில்லை.

ஃபிளட்டில இருக்கிற ஆக்கள் கவனம். லீஸில, அதாவது குத்தகைப் பத்திரத்தில, யன்னல் உங்களுடையதோ கட்டடச் சொந்தக்காரரான ஃபிறீஹோல்டருடையதோ எண்டு வாசிச்சுப்போட்டுத் தொடுங்கோ.


கண்ணாடிக்காரன் | 10 நவம்பர், இரவு 9.30

ஓட்டை துளைக்கிற வேலைக்குக் காசு குடுக்காதேங்கோ. புகார் கொஞ்ச நாளைக்குப் போகும். மணியளுக்கு வயிறு நிரம்பினது நிரம்பினதுதான், சூடு போகாமல் இருக்க உள்ளுக்க ஆகன் வாயு நிரப்பியிருந்தால் அதுவும் போய்க் கனகாலம். அதோட ரெண்டு ஓட்டையும் நிரந்தரமாக் கண்ணில குத்தும்.

சரி, தானே செய்யவிரும்பினால் சொல்லுறன். முன்னறைக் கண்ணாடி கீழ்மாடிதானே? அதில தொடங்குங்கோ. கண்ணாடியைச் சுத்தி நாலு பக்கமும் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் பட்டியை பீட் எண்டுவம். அது உள்பக்கமா வெளிப்பக்கமா எண்டு முதல் பாருங்கோ. உள்பக்கம் எண்டால் எல்லாம் அறைக்குள்ள நிண்டே செய்யலாம்.

கண்ணாடிக்குக் குறுக்கால மாஸ்கிங் டேப் ஒட்டுங்கோ, கையுறை கட்டாயம். பெயிண்டர்மார் பாவிக்கிற பட்டைக் கத்தியை, நீளமான பீட்டின்ர நட்டநடுவில, பீட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில மெல்லமாத் தட்டி ஏத்துங்கோ. கண்ணாடிப் பக்கம் இல்லை, சட்டப் பக்கம். நடு வில்லு மாதிரி வளைஞ்சு "டக்" எண்டு கழரும், பிறகு ஓரங்கள் தானா வரும். குளிர் நாளில செய்தால் பழைய பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கிப்போட்டுச் செய்யுங்கோ. நீளமானதை முதல் கழட்டுறது, குட்டையானதைப் பிறகு. திரும்பப் போடேக்க குட்டையானது முதல், நீளமானது கடைசி. ஒவ்வொண்டிலயும் மேல், கீழ், இடம், வலம் எண்டு பென்சிலால எழுதுங்கோ. எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனா மாறிப்போனால் மூலை பொருந்தாது.

அளவு எடுக்கிறதிலதான் எல்லாரும் பிழைவிடுறது. கண்ணுக்குத் தெரியிற கண்ணாடியை அளந்து ஓடர் பண்ணக்கூடாது, அது ஒவ்வொரு பக்கமும் பீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. பீட்டைக் கழட்டினதும் சட்டத்தின்ர பள்ளத்தை அகலத்துக்கு மூண்டு இடம், உயரத்துக்கு மூண்டு இடம் அளவுங்கோ. ஆகச் சின்ன அளவில இருந்து 10 மில்லிமீற்றர் கழியுங்கோ, பக்கத்துக்கு 5. 1,080க்கு 610 எண்டு வந்தால் ஓடர் 1,070க்கு 600. பழைய கண்ணாடியையும் அளந்து சரிபாருங்கோ. தடிப்பும் வேணும். 28 மில்லி எண்டால் 4 கண்ணாடி, 20 இடைவெளி, 4 கண்ணாடி. பழசுகளில 24உம் 20உம் வரும். தடிப்புப் பிழைச்சால் பீட் பூட்டாது. கடையில எப்பவும் அகலம் முதல், உயரம் பிறகு. இதை மறக்காதேங்கோ.

மாடிப்படிக் கண்ணாடி தரையில இருந்து 800 மில்லிக்குக் கீழ இறங்குதோ? இறங்கினால் டஃபன்ட் கண்ணாடிதான் போடவேணும், பிள்ளையள் விழுந்து மோதினாலும் வெட்டாமல் பொடியாகிற கண்ணாடி. கதவிலயும் கதவுக்குப் பக்கத்திலயும் எண்டால் 1,500 வரைக்கும். மூலையில சின்னனா முத்திரை குத்தியிருக்கும். டஃபன்ட்டைச் செய்த பிறகு வெட்டேலாது. அளவு பிழைச்சால் குப்பைதான்.

பாரம் எண்டால் ஒரு மில்லித் தடிப்புக்கு, ஒரு சதுர மீற்றருக்கு ரெண்டரைக் கிலோ. மேல சொன்ன 1,070க்கு 600 கண்ணாடி, 4 மில்லித் தகடு ரெண்டும் சேர்த்து, கிட்டத்தட்ட 13 கிலோ. ஒராள் தூக்கலாம், ஆனா ரெண்டு பேர் நில்லுங்கோ.

கண்ணாடியைச் சட்டத்தில நேர வைக்கக்கூடாது. அடியில பிளாஸ்டிக் பக்கர் எண்ட சின்னத் தட்டுகள் வைக்கவேணும், 1 மில்லியில இருந்து 6 மில்லி வரைக்கும் பை ஒண்டாக் கிடைக்கும். அதில இருத்தினால்தான் அடியால தண்ணி ஓடும். ஓரத்தில சிலிக்கன் பூசவே வேண்டாம். முக்கியமா வினாகிரி மணக்கிற சிலிக்கன் யூனிட்டின்ர பசையைத் தின்னும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில அடைக்கிறதெண்டால் நியூட்ரல் கியூர் எண்டு போட்டிருக்கிறதை வாங்குங்கோ.

கடைசியா ஒண்டு. இரவில லைட்டை நிப்பாட்டிப்போட்டு, லைட்டர் ஒண்டைக் கொளுத்திக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடியுங்கோ. நாலு சுவாலை தெரியும், கண்ணாடி ஒண்டுக்கு ரெண்டு முகம். அதில ஒண்டு மட்டும் நிறம் மாறி, கொஞ்சம் ஊதாவோ சிவப்போ அடிச்சால் உங்கட கண்ணாடியில சூட்டைத் திருப்பி அனுப்புற பூச்சு இருக்கு. புதுசிலயும் அது வேணும் எண்டு கேளுங்கோ. பூட்டேக்க பூச்சுள்ள கண்ணாடி அறைப் பக்கம் வரும்.


வெம்பிளி மேல்மாடி | 11 நவம்பர், இரவு 7.15

இரவு பிள்ளையளும் நானும் லைட்டரோட நிண்டதைப் பாத்து மனுசி பூசை செய்யிறியளோ எண்டு கேட்டா. நாலு சுவாலை, அதில ஒண்டு ஊதா!

அந்தாள் வந்தார். வேண்டாம் எண்டன். வாசலில நிண்டே 6,900 வரைக்கும் இறங்கினார். சனிக்கிழமை 11,800.


மழைக்குருவி | 11 நவம்பர், இரவு 9.02

நாங்கள் வாடகைக்கு இருக்கிறம். எங்கட அறையில யன்னல் சாத்துப்படாது, சுவரெல்லாம் பூஞ்சணம். வீட்டுக்காரர் "சமையலைக் குறையுங்கோ" எண்டுறார். நாங்களே காசு போட்டுத் திருத்தவேணுமோ?


பத்திரம் படிச்சவன் | 11 நவம்பர், இரவு 9.40

இல்லை. 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்ர 11ஆம் பிரிவு, வீட்டின்ர கட்டமைப்பும் வெளிப்பகுதியும் வீட்டுக்காரர் பொறுப்பு எண்டு சொல்லுது. யன்னல் அதுக்குள்ள வரும். படம் எடுத்து, வாயால சொல்லாமல் ஈமெயிலில எழுதுங்கோ. கவுன்சில் வீடு, இல்லாட்டில் குறைஞ்ச வாடகைக்கு வீடு குடுக்கிற ஹவுசிங் அசோசியேசன் வீடு எண்டால் இன்னும் பலம். ரொச்டேலில 2020 டிசம்பரில அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயதுப் பிள்ளை வீட்டுப் பூஞ்சணத்தால செத்தது. அந்தப் பிள்ளையின்ர பேரிலேயே இப்பிடியான வீடுகளுக்கு வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27ஆம் திகதி நடைமுறைக்கு வந்திருக்கு. அவசர ஆபத்தெண்டால் 24 மணித்தியாலத்துக்குள்ள பாக்கவேணும், கடுமையான ஈரம், பூஞ்சணம் எண்டால் 10 வேலைநாளுக்குள்ள விசாரிக்கவேணும். அந்தத் தாய் தகப்பனுக்கும் வாழ்க்கை முறையில பிழை எண்டுதான் சொன்னவையாம்.


மழைக்குருவி | 11 நவம்பர், இரவு 9.55

நன்றி அண்ணா. இண்டைக்கே எழுதுறன்.


வெம்பிளி மேல்மாடி | 15 நவம்பர், பகல் 1.10

அண்ணை, கண்ணாடி ரெண்டுக்கும் ஓடர் குடுத்தாச்சு. அது வரமுதல் இடிக்கிற யன்னலையும் கைபிடியையும் பாப்பம் எண்டு நிக்கிறன். பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டும் சரிவரேல்ல.


ரெடிங் மதுரைக்காரன் | 15 நவம்பர், பகல் 1.25

பிணைச்சல்னா கீலா?


வெம்பிளி மேல்மாடி | 15 நவம்பர், பகல் 1.27

ஓம். உங்கட கீல், எங்கட பிணைச்சல்.


கண்ணாடிக்காரன் | 15 நவம்பர், மாலை 5.50

பேர் எதெண்டாலும் கடையில ஃபிறிக்‌ஷன் ஹிஞ் எண்டு கேளுங்கோ. கதவுப் பிணைச்சல் மாதிரி இல்லை, மேலயும் கீழயும் தண்டவாளத்தில ஓடுற ரெண்டு கை. யன்னலின்ர பாரத்தை வருசக்கணக்காத் தாங்கித் தேஞ்சு தொங்கும், அப்பத்தான் மூலை இடிக்கும். தேஞ்சதுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. ரெண்டையும் சோடியா மாத்துங்கோ.

நீளம் அங்குலத்தில வரும். 12, 16 இப்பிடி. நீளத்தோட சாத்தின நிலையில அதின்ர உயரமும் வேணும், 13 மில்லி அல்லது 17 மில்லி. ரெண்டும் ஒத்துவந்தால் பழைய ஆணி ஓட்டையிலயே பூட்டலாம். ஓட்டை பெருத்துப் பிடிக்காட்டில் கொஞ்சம் மொத்தமான ஸ்டெயின்லெஸ் ஸ்குறூ போடுங்கோ. படுக்கையறை எண்டபடியால் ஒண்டு கவனியுங்கோ. முழுசா விரிஞ்சு, நெருப்புப் பிடிச்சால் ஆள் இறங்கக்கூடிய மாதிரித் திறக்குதெண்டால் அது எக்ரஸ் ஹிஞ். அதுக்குப் பதிலா மலிவான சாதாரணத்தைப் போடாதேங்கோ. தப்புற வழிக்கு 0.33 சதுர மீற்றர் திறப்பு வேணும், எந்தப் பக்கமும் 450 மில்லிக்குக் குறையக்கூடாது. மேல்மாடியில கழட்டேக்க கடைசி ஸ்குறூவோட யன்னல் வெளியில போயிடும். ஒராள் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும், கீழ ஒருத்தரும் நிக்கக்கூடாது.

கைபிடி பத்து நிமிச வேலை. மூடியைத் தள்ளினால் ரெண்டு ஸ்குறூ, நடுவுக்கு நடு 43 மில்லி. பின்னால 7 மில்லிச் சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதின்ர நீளம்தான் ஆளுக்கு ஆள் மாறும், அளந்து வாங்குங்கோ. கழட்டின கையோட அந்தக் கம்பியைக் குறட்டால பிடிச்சுச் சுத்திப் பாருங்கோ. பூட்டு நகர்ந்தால் கைபிடிதான் போச்சு. கம்பி சுத்தியும் பூட்டு அசையாட்டில் உள்ளுக்க கியர் உடைஞ்சிருக்கு, அது வேற செலவு.

உலோகத்துக்கு மெல்லிய மெசின் எண்ணெய், றப்பருக்கு சிலிக்கன் ஸ்பிரே. டபிள்யூடி 40 எண்ட எண்ணெய் ஸ்பிரேயை றப்பரில அடிக்கிற பழக்கத்தை விடுங்கோ.


ஹவுன்ஸ்லோ கூரை | 16 நவம்பர், காலை 6.05

இந்த நேரத்தில ஏன் முழிச்சிருக்கிறன் எண்டால், எங்கட கூரைக்கு மேலால ஹீத்ரோவுக்கு இறங்குற முதல் பிளேன் போயிட்டுது. டபிள் கிளேசிங் இருந்தும் சத்தம். மூண்டு கண்ணாடி போட்டால் குறையுமோ?


கண்ணாடிக்காரன் | 16 நவம்பர், காலை 8.30

ட்ரிபிள் சூட்டுக்கு நல்லது, சத்தத்துக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்கு உதவாது. முதல் காசில்லாத சோதனை. ஒரு துண்டுக் கடதாசியை வைச்சு யன்னலைச் சாத்தி இழுங்கோ. லேசா வந்தால் றப்பர் போச்சு, காத்து வாற வழியால சத்தமும் வரும். றப்பரை மாத்துறது சுலபம். பழசில ஒரு சின்னத் துண்டு வெட்டிக்கொண்டு போய் ஒத்ததா வாங்குங்கோ, பூட்டேக்க இழுக்காமல் கொஞ்சம் கூடுதலா விட்டு வெட்டுங்கோ. இழுத்துப் பூட்டினால் ஒரு வருசத்தில சுருங்கி மூலையில வாய் திறக்கும்.

அதுக்கும் அடங்காட்டில், ரெண்டு கண்ணாடியும் ஒரே தடிப்பா இருக்கிறதுதான் பிழை, ரெண்டும் ஒரே சுருதியில அதிரும். ஒண்டை மொத்தமா, சத்தத்துக்கெண்டே செய்த லாமினேற்றட் கண்ணாடியா, அதாவது நடுவில பிளாஸ்டிக் படலம் வைச்சு ஒட்டின கண்ணாடியாப் போடலாம். ஆகச் சிறந்தது உள்பக்கம் 100 மில்லி அல்லது கூட இடைவெளி விட்டு இன்னொரு யன்னல், செகன்டரி கிளேசிங். பாக்க வடிவில்லை.


ஸ்காபரோ மாமா | 16 நவம்பர், பிற்பகல் 3.40

கனடாவில இருந்து எட்டிப் பாக்கிறன். உங்களுக்குத் தண்ணி, எங்களுக்கு ஐஸ். மைனஸ் 20 அடிச்சால் கண்ணாடியின்ர அடியில வெள்ளையாப் பிடிக்கும். பிளைண்டை அடிவரைக்கும் இறக்கிவிட்டால் சூடான காத்து கண்ணாடிக்குப் போகாது, அதால கூடும். இரவு நாலு விரல் தூக்கிவிடுங்கோ. காத்துக்கு ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர் வைச்சிருந்தால் குறையுங்கோ. அவ்வளவுதான், பனி வழிக்கப் போறன்.


வெம்பிளி மேல்மாடி | 6 டிசம்பர், இரவு 8.20

உறவுகளே, வேலை முடிஞ்சுது. கணக்கு: முன்னறைக் கண்ணாடி 62, மாடிப்படி டஃபன்ட் 118, பிணைச்சல் சோடி 19, கைபிடி 8, பக்கர் பை 6, பட்டைக் கத்தி 9. எல்லாமா 222 பவுண்.

ஒரு பீட் உடைஞ்சுது. அறையைச் சூடாக்கச் சொன்னதை மறந்து விடியக்காலமை தொடங்கின என்ர அவசரம். நுனிதான் போனது, திரைச்சீலைக்குப் பின்னால தெரியாது. பழைய கண்ணாடியைத் தூக்கேக்க அடியில ரெண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணி, ஓட்டையை மண் அடைச்சிருந்தது. அக்காவின்ர கொழுந்தனார் கதை உடன ஞாபகம் வந்தது. கேபிள் டையால குத்த, கோடு மாதிரி ஓடிச்சுது.

பெரிய பிழை மாடிப்படியில. அது பக்கத்து வீட்டைப் பாத்த யன்னல், மழை வழியுற மாதிரி நெடுகக் கோடு போட்ட கண்ணாடி. கடையில உயரத்தை முதல் எழுதிக் குடுத்திட்டன். கண்ணாடி அச்சொட்டாப் பொருந்துது, கோடுதான் படுத்துக் கிடக்கு.


கண்ணாடிக்காரன் | 6 டிசம்பர், இரவு 8.41

அகலம் முதல் எண்டு சொன்னனான் தம்பி. வெறுங்கண்ணாடி எண்டால் திருப்பி வைச்சால் முடிஞ்சுது, கோட்டுக் கண்ணாடிக்கு அந்த மன்னிப்பு இல்லை. மாத்தப் போறியளோ?


வெம்பிளி மேல்மாடி | 6 டிசம்பர், இரவு 8.50

இன்னொரு 118ஆ? எங்கட வீட்டில மழை குறுக்காலதான் பெய்யுது எண்டு சின்னவன் சொல்லுறான், அப்பிடியே இருக்கட்டும்.

பிரச்சினை இப்ப முன்னறையில. புதுக் கண்ணாடி அவ்வளவு தெளிவு. மனுசி காலமையில இருந்து பக்கத்துக் கண்ணாடியளைப் பாத்து, அதெல்லாம் மங்கிப்போச்சாம், எல்லாத்தையும் மாத்தினால் என்ன எண்டு கேக்கிறா.


ஈஸ்ட்ஹாம் அக்கா | 6 டிசம்பர், இரவு 9.04

ஓடர் குடுக்க முதல் ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ.